குடும்பத்தில் ஒருவருக்கு மெலனோமா என்றால் மற்றவர்களுக்கும் வருமா?

1820ஆம் ஆண்டு. இங்கிலாந்தில் ஸ்டவர்பிரிட்ஜ் என்ற ஊரில் இருந்த வில்லியம் நோரிஸ் என்ற மருத்துவர், தன்னிடம் சிகிச்சை பெற்ற 59 வயதுக்காரர் ஒருவரைப் பற்றி ஒரு மருத்துவ இதழில் எழுதினார். அந்த மனிதரின் அடிவயிற்றில் இருந்த மச்சம் ஒன்று கட்டியாக வளர்ந்தது. பிறகு உடலின் பல இடங்களுக்கும் பரவி, கடைசியில் அவர் உயிரையே வாங்கியது. நோரிஸ் அதோடு விடவில்லை, குடும்பத்தையும் விசாரித்தார். ஏறக்குறைய 30 வருடங்களுக்கு முன்னால் அந்த நோயாளியின் அப்பாவும் இதே மாதிரி நோயில்தான் இறந்திருந்தார். அப்பா, சகோதரர்கள், பிள்ளைகள் என்று எல்லோருக்கும் உடம்பில் நிறைய மச்சங்கள். கடைசிப் பையனுக்கோ, அப்பாவுக்கு நோய் தொடங்கிய அதே இடத்தில் ஒரு மச்சம்! இதையெல்லாம் பார்த்தால் இது பரம்பரையாக வருகிற நோய் என்றே தோன்றுகிறது என்று நோரிஸ் எழுதிவைத்தார்.

இந்தத் தோல் புற்றுநோய்க்கு இன்று வழங்கும் மெலனோமா என்ற பெயரே அப்போது புழக்கத்தில் இல்லை. மரபியலுக்கு அடித்தளம் போட்ட மெண்டல் பிறந்ததே 1822இல்தான். நோரிஸ் சொன்னதற்குக் காரணமான முதல் மரபணு பிடிபட 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நோரிஸ் கண்டது சரிதான். ஆனால் அதை வைத்து நாம் போடுகிற கணக்கு பல சமயம் தப்பாகிவிடுகிறது. "அப்பாவுக்கு வந்தது, எனக்கும் நிச்சயம்" என்று ஒருவர் தூக்கத்தைத் தொலைக்கிறார். "எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை, எனக்கு எப்படி வரும்?" என்று இன்னொருவர் மாறிக்கொண்டே வரும் மச்சத்தைக் கண்டுகொள்ளாமல் விடுகிறார். இரண்டாமவர் நிலைதான் அதிக ஆபத்து என்பேன். மெலனோமா வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் குடும்பத்தில் அதற்கு முன் யாருக்கும் வந்திருப்பதில்லை.

சரி, முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். தோலின் மேலடுக்கின் அடிவரிசையில் மெலனோசைட் என்ற செல்கள் இருக்கின்றன. தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்ற நிறமியைத் தயாரித்துப் பக்கத்துச் செல்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது இவற்றின் வேலை. அந்த நிறமி ஒவ்வொரு செல்லின் கருவுக்கு மேலும் குடை போலக் கவிந்து, சூரியனின் புற ஊதாக் கதிர்களிலிருந்து டிஎன்ஏவைக் காக்கும். குடை செய்து கொடுக்கும் இந்தச் செல்லே கட்டுப்பாடு இழந்து பெருகத் தொடங்கினால் அதுதான் மெலனோமா. தோலில் வரும் மற்ற புற்றுநோய்களோடு ஒப்பிட்டால் இது எண்ணிக்கையில் குறைவு. ஆனால் ரத்தம் வழியாகவும் நிணநீர் வழியாகவும் பரவும் குணம் அதிகம். கண்ணுக்குள்ளும், வாய், மூக்கு போன்றவற்றின் உட்சவ்விலும்கூட மெலனோசைட்டுகள் உண்டு என்பதால், அரிதாக அங்கேயும் வரும்.

மூலச் சுவடியில் பிழையா, படியெடுத்ததில் பிழையா?

எல்லாப் புற்றுநோயும் மரபணுக் கோளாறுதான். ஆனால் எல்லா மரபணுக் கோளாறும் பரம்பரை வழியாக வருவதில்லை. மருத்துவர்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகும் இந்த இடத்தில்தான் பலரும் குழம்புகிறார்கள்.

ஓலைச்சுவடியைப் படியெடுத்த காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மூலச் சுவடியிலேயே ஓர் எழுத்து தவறாக இருந்தால், அதைப் பார்த்து எழுதிய அத்தனை படிகளிலும் அந்தத் தவறு இருக்கும். மூலம் சரியாக இருந்து, படியெடுத்தவர் ஒருவர் நடுவில் தவறு செய்தால், அந்தப் படியிலும் அதிலிருந்து எழுதிய படிகளிலும் மட்டும் பிழை இருக்கும். நம் உடலின் மூலச் சுவடி, தாயின் கருமுட்டையும் தந்தையின் விந்தணுவும் சேர்ந்து உருவான அந்த முதல் செல். அதில் இருந்த பிழை உடலின் எல்லாச் செல்களிலும் இருக்கும், பிள்ளைகளுக்கும் போகலாம். இது பரம்பரைப் பிழை. வெயிலில் காய்ந்த முதுகில் ஏதோ ஒரு மெலனோசைட்டில் 40 வயதில் ஏற்பட்ட பிழை அந்தச் செல்லின் வாரிசுகளோடு நின்றுவிடும். பிள்ளைக்குப் போகாது.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், தோல் மெலனோமாக்களில் ஏறக்குறைய பாதியில் பிராஃப் என்ற மரபணு மாறியிருக்கும். இது 2002இல் தெரியவந்தது. இந்த மாற்றத்தைக் குறிவைத்தே பல மருந்துகள் வந்திருக்கின்றன. அதனால் நோய் முற்றியவர்களுக்கு இந்தச் சோதனையைச் செய்வது வழக்கம். அறிக்கையில் "பிராஃப் மாற்றம் உள்ளது" என்று பார்த்ததும், "அப்போ எங்கள் பிள்ளைகளுக்கும் இருக்குமா?" என்று வீட்டில் பதறிவிடுகிறார்கள். அது கட்டியில் மட்டும் ஏற்பட்ட பிழை. மருந்தைத் தேர்ந்தெடுக்க உதவும், பிள்ளைகளைப் பற்றி எதுவும் சொல்லாது.

பிரேக் பிடிக்காத வண்டி

பரம்பரை மெலனோமா என்றால் முதலில் வரும் பெயர் சிடிகேஎன்2ஏ. 9ஆம் குரோமோசோமில் இருக்கும் இந்த மரபணு இரண்டு புரதங்களைத் தயாரிக்கிறது. அதில் பி16 என்பது செல் பிரிவதற்கான பிரேக். செல்லை "பிரி, பிரி" என்று முடுக்கும் சிடிகே4 என்ற நொதியை இது பிடித்து நிறுத்துகிறது. மற்றொன்று, டிஎன்ஏ சேதமடைந்த செல்லை நிறுத்தவோ அழிக்கவோ செய்கிற வேறொரு காவல் ஏற்பாட்டுக்குத் துணை நிற்கிறது. ஒரே மரபணு கெட்டால் இரண்டு காவலும் ஆட்டம் காணலாம்.

நம்மிடம் எந்த மரபணுவும் பெரும்பாலும் இரண்டு பிரதிகளாக இருக்கும், அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. சிடிகேஎன்2ஏவின் ஒரு பிரதி பழுதாகப் பிறந்தவருக்கும் இன்னொரு பிரதி நல்லபடியாக வேலை செய்யும். பிரேக் பிடிக்கும். பல ஆண்டுகள் கழித்து, கோடிக்கணக்கான மெலனோசைட்டுகளில் ஏதோ ஒன்றில் அந்த இரண்டாவது பிரதியும் கெட்டுப்போனால்தான் சிக்கல் தொடங்கும். மற்றவர்களுக்கு ஒரே செல்லில் இரண்டு பிரதியும் கெட வேண்டும், இவர்களுக்கு ஒன்று கெட்டால் போதும். அதனால்தான் இந்தக் குடும்பங்களில் நோய் இளம் வயதில் வருகிறது, ஒருவருக்கே இரண்டு மூன்று முறை தனித்தனியாகவும் வருகிறது. இந்த "இரட்டை அடி" விளக்கத்தை அமெரிக்க மருத்துவர் ஆல்ஃபிரட் நுட்சன் 1971இல் குழந்தைகளின் கண் புற்றுநோயை வைத்துச் சொன்னார். அது பல பரம்பரைப் புற்றுநோய்களுக்கும் பொருந்திப்போனது.

சிடிகே4 மரபணுவிலேயே பிழை உள்ள குடும்பங்களும் 1996 முதல் தெரியவந்தன. உலகம் முழுக்கத் தேடினாலும் மிகச் சிலதான். அங்கே பிரேக் கட்டை சரியாகத்தான் இருக்கிறது. பிரேக் பிடிக்க வேண்டிய இடம் உருமாறிவிட்டதால் பிடி கிடைக்காமல் வழுக்குகிறது. விளைவு ஒன்றுதான்.

பழுதான பிரதி உள்ள ஒருவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போக 50 சதவீத வாய்ப்பு. ஆண், பெண் வித்தியாசம் இல்லை. ஒவ்வொரு முறையும் புதிதாகக் காசு சுண்டுவது மாதிரி. மூத்தவருக்குப் போய்விட்டதால் இளையவர் தப்பித்தார் என்று கணக்குப் போட முடியாது. ஒருவருக்கு அந்தப் பிரதி வரவில்லை என்றால் அவர் வழியாக அடுத்த தலைமுறைக்கும் போகாது. ஆனால் பிரதி இருந்தும் நோய் வராமலே ஒருவர் வாழ்ந்து முடிக்கலாம். அப்போது பார்ப்பவர்களுக்கு நோய் ஒரு தலைமுறையைத் தாண்டிக் குதித்த மாதிரி தெரியும். குதித்தது நோய்தான், மரபணு குதிக்கவில்லை.

இவ்வளவு சொன்னாலும், மெலனோமா வந்தவர்களில் சிடிகேஎன்2ஏ பழுதோடு பிறந்தவர்கள் நூற்றுக்கு ஓரிருவர்தான். பலருக்கு நோய் வந்த குடும்பங்களை மட்டும் எடுத்துப் பார்த்தாலே 20 முதல் 40 சதவீதம் குடும்பங்களில்தான் இது கிடைக்கிறது. மீதிக் குடும்பங்களில் என்ன நடக்கிறது?

சின்னச் சின்ன சொத்துகள்

பெரிய பிழை ஒன்றைத் தேடும்போது நாம் மறப்பது, குடும்பம் நமக்குச் சின்னச் சின்னதாகப் பலவற்றையும் கொடுக்கிறது என்பதை. தோல் நிறம், முடி நிறம், வெயிலில் தோல் கறுக்குமா அல்லது சிவந்து எரியுமா என்பது, மச்சங்களின் எண்ணிக்கை எல்லாமே பெருமளவு பரம்பரைதான். எம்சி1ஆர் என்ற மரபணு, மெலனோசைட் கரும்பழுப்பு நிறமி செய்வதா, செம்மஞ்சள் நிறமி செய்வதா என்பதைத் தீர்மானிக்கிறது. இதன் சில வடிவங்கள் உள்ளவர்களுக்குச் செம்பட்டை முடியும் எளிதில் கருகும் வெளிர்தோலும் அமைகின்றன. அவர்களிடம் மெலனோமாவும் கூடுதல். சிடிகேஎன்2ஏ பழுதோடு இதுவும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் ஏறும்.

2020இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, மெலனோமாவோடு தொடர்புள்ள 54 இடங்களை நம் மரபுத்தொகுதியில், அதாவது நம் மொத்த டிஎன்ஏவில், அடையாளம் காட்டியது. ஒவ்வொன்றும் கொசுக்கடி அளவுதான். பல சேர்ந்தால் ஓரளவு கனம்.

இரட்டையர்களை வைத்து நார்டிக் நாடுகளில் நடந்த ஆய்வு 2016இல் மெலனோமாவின் மரபுப் பங்கு 58 சதவீதம் என்று மதிப்பிட்டது. இந்த எண்ணை யாராவது "உனக்கு வர 58 சதவீத வாய்ப்பு" என்று சொன்னால் நம்பாதீர்கள். ஒரு மக்கள்தொகையில் சிலருக்கு வருவதும் சிலருக்கு வராததுமான வேறுபாட்டில் எவ்வளவு மரபணு வேறுபாட்டால் ஏற்படுகிறது என்பதைத்தான் அது அளக்கிறது. தனி மனிதரின் ஜாதகம் அல்ல.

தனி மனிதருக்கு உதவும் எண் வேறு. பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளை இவர்களில் ஒருவருக்கு மெலனோமா என்றால் உங்களுக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. எதன் இரண்டு மடங்கு என்று உடனே கேட்க வேண்டும். கருமையான தோலுக்கு அடிப்படை வாய்ப்பே மிகச் சிறியது, அதன் இரண்டு மடங்கும் சிறியதுதான். வெளிர்தோலோடு கடும் வெயில் நாட்டில் வாழ்பவருக்கு அந்த இரண்டு மடங்கு சும்மா விடுகிற விஷயம் இல்லை. இன்னொன்று: உடம்பில் நூறு மச்சத்துக்கு மேல் உள்ளவருக்கு, பதினைந்துக்கும் குறைவாக உள்ளவரைவிட வாய்ப்பு ஏழு மடங்கு வரை போகிறது. தமிழில் மச்சக்காரன் என்றால் அதிர்ஷ்டக்காரன். தோல் மருத்துவரிடம் அந்த அர்த்தம் செல்லாது.

1978இல் அமெரிக்காவில் இரண்டு குடும்பப் பெயர்களின் முதலெழுத்தைச் சேர்த்து "பி-கே மச்ச நோய்க்குறி" என்று ஒன்றை விவரித்தார்கள். பெரிய, விளிம்பு மங்கலான, நிறம் சீராக இல்லாத மச்சங்கள் ஏராளமாக இருக்கும், கூடவே மெலனோமாவும் குடும்பத்தில் ஓடும். அப்போது மச்சங்களை எண்ணினாலே பழுதான மரபணு யாரிடம் இருக்கிறது என்று சொல்லிவிடலாம் என்று நினைக்கத் தோன்றியிருக்கும். பின்னால் மரபணுச் சோதனை வந்தபோது அது அவ்வளவு நேர்க்கோடாக இல்லை. பழுது உள்ள சிலருக்கு மச்சமே குறைவு, பழுது இல்லாத சிலருக்கு உடம்பெல்லாம் மச்சம்.

ஒரே பழுது, வெவ்வேறு எண்கள்

எனக்கு இந்தத் தலைப்பில் மிகவும் பிடித்த பகுதி இது. சிடிகேஎன்2ஏ பழுதோடு பிறந்த ஒருவருக்கு 80 வயதுக்குள் மெலனோமா வர எவ்வளவு வாய்ப்பு? பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து 2002இல் சொன்ன விடை: ஐரோப்பாவில் 58 சதவீதம், அமெரிக்காவில் 76, ஆஸ்திரேலியாவில் 91. மரபணு அதேதான், வெயில் வேறு. பரம்பரை என்றாலே விதி என்று நினைப்பவர்கள் இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கலாம்.

மூன்று வருடம் கழித்து வந்த இன்னோர் ஆய்வு அதே கேள்விக்கு 28 சதவீதம் என்றது. யார் சொன்னது பொய்? இருவருமே இல்லை. முதல் ஆய்வில் எடுத்தவை ஏற்கெனவே பலருக்கு நோய் வந்த குடும்பங்கள். அப்படிப்பட்ட குடும்பத்தில் அந்தப் பெரிய பழுதோடு மச்சமும் வெளிர்தோலும் எம்சி1ஆர் வடிவங்களும் வெயிலில் திரியும் பழக்கமும் சேர்ந்தே இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டாவது ஆய்வு, குடும்பக் கதையைப் பார்க்காமல் பொதுவாக மெலனோமா வந்தவர்களிலிருந்து தொடங்கி, அவர்களில் பழுது உள்ளவர்களின் உறவினர்களைக் கணக்கிட்டது. ஆகவே உங்கள் எண் எது என்று கேட்டால், உங்கள் குடும்பம் எந்த வகை என்பதைப் பார்க்காமல் சொல்ல முடியாது.

தோலோடு நிற்காத பழுதுகளும் உண்டு. சிடிகேஎன்2ஏ பழுது உள்ள பல குடும்பங்களில் கணையப் புற்றுநோயும் வருகிறது. நெதர்லாந்தின் லெய்டன் பகுதிக் குடும்பங்களில் காணப்படும் ஒரு குறிப்பிட்ட பிழைக்கு இதில் கெட்ட பேர் அதிகம். பிஏபி1 என்ற மரபணு பழுதானால் கண் மெலனோமா, நுரையீரல் உறையில் வரும் மீசோதிலியோமா, சிறுநீரகப் புற்றுநோய் என்று சேர்ந்து வரும். "மாமாவுக்குக் கணையத்தில், அம்மாவுக்குத் தோலில், இரண்டும் வேறு வேறு" என்று நாம் பிரித்து வைத்திருப்பதை மரபியல் மருத்துவர் ஒன்றாகச் சேர்த்துப் படிப்பார்.

முதலில் ஒரு தாளும் பேனாவும்

மரபணுச் சோதனைக்கு ஓடுவதற்கு முன் குடும்ப மரத்தை வரைந்துகொள்வதுதான் நல்லது. மூன்று தலைமுறை போதும். யாருக்கு என்ன புற்றுநோய், எந்த வயதில், உடம்பில் எங்கே. அப்பா வழியையும் அம்மா வழியையும் தனித்தனியாக எழுத வேண்டும். ஒரே வழியில் மூன்று பேருக்கு மெலனோமாவோ கணையப் புற்றுநோயோ இருந்தால், அல்லது ஒரே ஆளுக்கு மூன்று தடவை தனித்தனி மெலனோமா வந்திருந்தால், மரபியல் ஆலோசனைக்குப் போகலாம் என்பது பொதுவான அளவுகோல். மெலனோமா அரிதாக வருகிற மக்களிடையே இரண்டு என்றாலே யோசிக்கலாம்.

நம் உறவுச் சொற்கள் இங்கே கொஞ்சம் காலை வாரும். "அத்தை" அப்பாவின் சகோதரியாகவும் இருக்கலாம், மாமாவின் மனைவியாகவும் இருக்கலாம். "பெரியம்மா" அம்மாவின் அக்காவா, பெரியப்பாவைக் கட்டிக்கொண்டவரா? முதல் வகை ரத்த சொந்தம், இரண்டாவது வகைக்கும் உங்கள் மரபணுவுக்கும் பொதுவாகச் சம்பந்தம் இல்லை. அதையும் பக்கத்தில் குறித்துவையுங்கள். அப்புறம், "தோலில் என்னவோ கட்டி எடுத்தார்கள்" என்ற வீட்டுப் பேச்சை அப்படியே எழுதிவிடாதீர்கள். அது சாதாரண மச்சமாகவோ வேறு வகைத் தோல் புற்றுநோயாகவோ இருக்கலாம். முடிந்தால் பழைய பயாப்சி அறிக்கையைத் தேடுங்கள்.

சோதனை செய்வதானால் நோய் வந்தவருக்குத்தான் முதலில் செய்ய வேண்டும். அவரிடம் பழுது கிடைத்தால், மற்றவர்களிடம் அதே பழுதை மட்டும் தேடலாம். இல்லை என்று வந்தால் அந்த விடையை நம்பலாம். மச்சமும் வெளிர்தோலும் கொண்டுவரும் ஆபத்து மட்டும் மிச்சமிருக்கும். நோய் வந்தவரைச் சோதிக்காமல் நேராக உங்களைச் சோதித்து ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், குடும்பத்தில் பழுதே இல்லையா, உங்களுக்கு மட்டும் இல்லையா, இன்னும் கண்டுபிடிக்காத மரபணுவா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மூன்றாவதாக, "மாற்றம் இருக்கிறது, அதன் அர்த்தம் தெளிவில்லை" என்றும் ஓர் அறிக்கை வரலாம். எரிச்சலூட்டும் விடைதான். அதை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

வெயில், கண், கண்ணாடி

ஆபத்து அதிகமுள்ள குடும்பத்தினர் செய்ய வேண்டியவை பெரிய ரகசியம் இல்லை. தோல் கருகும் அளவு வெயில் வேண்டாம், குறிப்பாகக் குழந்தைகளுக்கு. தோலைக் கறுக்கவைக்கும் புற ஊதா விளக்குப் படுக்கைகள் பக்கமே போகக் கூடாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2009இல் அவற்றைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. சன்ஸ்கிரீன் உண்மையிலேயே உதவுமா என்பதற்கு ஆஸ்திரேலியாவின் நாம்பூரில் நடந்த சோதனை நல்ல விடை: 1992 முதல் 1996 வரை 1,621 பேரில் ஒரு பாதியினரைத் தினமும் பூசச் சொன்னார்கள், மறுபாதியினரை அவரவர் இஷ்டத்துக்கு விட்டார்கள். அதற்குப் பிந்தைய பத்தாண்டு வரை கணக்கெடுத்தபோது தினமும் பூசியவர்களில் 11 பேருக்கும் மற்றவர்களில் 22 பேருக்கும் மெலனோமா வந்திருந்தது.

தோல் மருத்துவரிடம் ஆறு மாதத்துக்கு ஒரு தடவையோ வருடத்துக்கு ஒரு தடவையோ தலை முதல் பாதம் வரை காட்டுவது, மாதம் ஒரு முறை கண்ணாடி முன் நீங்களே பார்ப்பது. கவனிக்க வேண்டியவை: இரு பாதியும் ஒத்துப்போகாத மச்சம், ஒழுங்கற்ற விளிம்பு, ஒன்றுக்கு மேற்பட்ட நிறம், 6 மில்லிமீட்டரைத் தாண்டிய அகலம், எல்லாவற்றுக்கும் மேலாக மாற்றம். உங்கள் மச்சங்களுக்குள்ளேயே ஒன்று மட்டும் ஒட்டாமல் தனியாகத் தெரிந்தால் அதைக் காட்டுங்கள். 1 மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனில் வெட்டி எடுக்கப்பட்ட மெலனோமா பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். கணையத்துக்கு இந்த வசதி இல்லை. அதனால்தான் சிடிகேஎன்2ஏ பழுது உள்ளவர்களுக்கு 40 வயதிலிருந்து எம்ஆர்ஐ அல்லது எண்டோஸ்கோப்பி வழி ஸ்கேன் மூலம் கணையத்தைக் கவனிக்கச் சொல்கிறார்கள்.

கருமையான தோல் உள்ளவர்கள் பார்க்க வேண்டிய இடம் முதுகைவிட உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி. அங்கே வரும் வகைக்கு வெயில் முக்கியக் காரணம் இல்லை. இசைக்கலைஞர் பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்தடியில் தொடங்கியது இந்த வகைதான். 1981இல் இறந்தபோது அவருக்கு 36 வயது. நகத்தில் புதிதாக ஒரு கருங்கோடு தோன்றி அகலமாகிக்கொண்டே போனால், அடிபட்ட ரத்தக்கட்டு என்று மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

நோரிஸ் குறித்துவைத்த அந்தக் கடைசிப் பையன் இன்று ஒரு தோல் மருத்துவரிடம் வந்தால் என்ன நடக்கும்? அப்பாவுக்கு வந்த அதே இடத்தில் மச்சம் இருக்கிறது என்பதற்காக யாரும் கத்தியை எடுக்க மாட்டார்கள். அந்தப் பொருத்தம் தற்செயல். மெலனோமாக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுதான் பழைய மச்சத்திலிருந்து கிளம்புகிறது, மற்றவை ஒன்றுமே இல்லாத தோலில் புதிதாக முளைக்கின்றன. ஆகவே இருக்கிற மச்சத்தையெல்லாம் எடுத்துவிட்டாலும் பெரிய லாபம் இல்லை. தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மாஸ்கோப் என்ற கருவியை வைத்து அந்த மச்சத்தைப் பார்ப்பார்கள், உடம்பு முழுக்கப் படம் எடுத்து வைப்பார்கள், தாத்தாவைப் பற்றியும் கேட்பார்கள். ஆறு மாதம் கழித்து அதே படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடியும் தோலைப் பார்ப்பார்கள்.